பின் சீட்டுப் பழங்கள்

பள்ளிக்கூட வேனுக்குள் சத்தமில்லை என்றால்தான் அதை ஓட்டும் பஞ்சாலைக்குச் சந்தேகம் வரும்.

பிள்ளைகள் கத்தட்டும், கிள்ளிக்கொள்ளட்டும், ஒருத்தன் தண்ணீர் போத்தலை இன்னொருத்தன் ஜன்னல் வழியாக வீசட்டும். அதற்கெல்லாம் அவளிடம் மருந்து உண்டு. கண்ணாடியில் ஒரு முறைப்பு. போதாவிட்டால் பெயரைச் சொல்லி ஓர் அதட்டல். அதற்கும் மசியவில்லையென்றால் செம்பனை மரங்களுக்கு நடுவே வேனை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஏர்கோன் நின்று வியர்த்துக் கொட்டத் தொடங்கியதும் பிள்ளைகள் தாங்களாகவே அடங்குவார்கள். ஆனால் சும்மா இருக்கிற பிள்ளையை என்ன சொல்லி அதட்டுவது?

இரண்டு வாரமாகப் பின் சீட்டில் சத்தமில்லை.

பின் சீட்டு என்றால் புனிதனும் கஜனும். இரண்டு பேரும் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, ஒரே வகுப்பு, ஒரே மேசை. புனிதன் தோட்டத்து டிராக்டர் ஓட்டும் முனியாண்டியின் மகன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளை. கஜன் தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி செல்வநாயகத்தின் மகன்; ஆபீஸுக்குப் பின்னால் வேலி போட்ட வீடு. ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தன் வேனில் ஏறமாட்டான். ஏறியதும் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை. இரண்டு வாரத்துக்கு முன் ஒருநாள் புனிதன் கஜனின் தோளைக் கடித்தான். கஜன் புனிதனின் சப்பாத்தைக் கழற்றி வெளியே எறிந்தான். பஞ்சாலை இறங்கித் தேடிப் போவதற்குள் பழ லோரி அதன்மேல் ஏறிப் போய்விட்டது.

அன்றைக்கு அவள் ஒரே போடாகப் போட்டாள். "இன்னொரு தடவ இந்த வேன்ல கை நீண்டுச்சு, அப்புறம் இங்க எடமில்ல. அப்பாவ மோட்டார்ல கொண்டு வந்து ஸ்கூல்ல விடச் சொல்லு."

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். சொல்லும்போது புனிதனைத்தான் பார்த்தாள்.

அவ்வளவுதான், அதோடு சத்தம் நின்றுபோனது. அடி இல்லை, கடி இல்லை, "ஆண்ட்டி, இவன பாருங்க ஆண்ட்டி" இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு தலைகளும் குனிந்திருக்கும். புத்தகப் பைகள் மடிமேல். கைகள் பைக்கு அடியில். கஜன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான், புனிதனுக்கு மூக்கு விடைத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவார்கள். பிறகு சிரிப்பார்கள்.

"பின்னால என்னடா நடக்குது?"

"ஒன்னுமில்ல ஆண்ட்டி."

"ஒன்னுமில்லன்னா கை எங்க?"

நான்கு கைகளும் சட்டென்று மேலே வரும், விரல்களை மடக்கியபடி.

"சும்மாதான்லா ஆண்ட்டி," என்பான் புனிதன்.

பஞ்சாலைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் மூடி பார்க்கும் வேலை செய்தவள். பெல்ட்டில் பிளாஸ்டிக் மூடிகள் வந்துகொண்டே இருக்கும். கீறலோ கறையோ உள்ளதைப் பொறுக்கித் தள்ள வேண்டும். நல்ல மூடி கண்ணில் படாமலே போய்விடும், கெட்டது மட்டும்தான் தெரியும். வேலையை விட்டாள், கண் விடவில்லை. கடைக்காரன் சிரித்தால் நிறுவையைப் பார்ப்பாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் வாசலிலேயே நின்று பிரித்து மோந்து பார்ப்பாள். "உனக்கு சாமி நேர்ல வந்து வரம் குடுத்தாலும், காலாவதி தேதி எங்கன்னுதான் கேப்ப," என்று அவள் கணவன் சுகுமாறன் சொல்வான்.

ஆனால் அந்தக் கண்ணை நம்பித்தான் தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். ரெம்பாவ் பக்கத்தில் வேறொரு வேனில் தூங்கிப்போன பிள்ளையை உள்ளேயே வைத்துப் பூட்டிய கதையைக் கேட்டதிலிருந்து, தினமும் கடைசிப் பிள்ளை இறங்கியதும் வேனை நிறுத்தி ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே குனிந்து பார்ப்பாள். யாரும் இல்லை என்று தெரிந்தாலும் பார்ப்பாள்.

அன்றிரவுச் சாப்பாட்டில் பின் சீட்டுக் கதையைச் சுகுமாறனிடம் சொன்னாள்.

"சண்ட போட்டா அழுவுற, போடலன்னாலும் அழுவுற," என்றான் அவன்.

"அந்தப் பய புனிதன் கடிக்கிற பிள்ள. திடீர்னு எப்படி மாறுவான்?"

"மாறிட்டான்னு வெச்சுக்கயேன்."

"எதையோ மறைக்கிறாங்க."

"அப்படின்னா அவன் அப்பன்கிட்ட கேளு. முனியாண்டி என்னா கடிக்கவா போறான்?"

பஞ்சாலை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

அடுத்து வந்தது வாடை. புளித்த எண்ணெய் வாடை, பின்பக்கத்திலிருந்து. சீட்டுக்கு அடியில் யாரோ ரொட்டியை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. பிறகு கறை. பின் சீட்டின் சாம்பல் நிறத் துணியில் செம்மஞ்சளாக விரல் விரலாய்ப் பதிந்திருந்தது. புனிதனின் வெள்ளைச் சட்டையின் ஓரத்திலும் அதே நிறம். ஒருநாள் கஜனின் அம்மா தங்கேஸ்வரி வாசலில் நின்று மறித்தாள்.

"பஞ்சாலை, சீட்டில என்ன சாயம் பூசி வச்சிருக்கிறீங்கள்? பிள்ளையின்ர சட்டையில ஒரே கறை. எத்தினை தரம் தோய்ச்சும் போகேல்லை."

"பக்கத்துல உட்கார்ற பையன்கிட்டேர்ந்து ஒட்டியிருக்கும்மா," என்றாள் பஞ்சாலை. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. வேறு மாதிரி தோன்றவே இல்லை.

செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அந்த நிறம் தெரியாதா? தெரியும். குலை வெட்டும்போது தரையில் சிதறும் உதிரிப் பழத்தின் நிறம் அது. கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிது. பழுத்ததை அழுத்தினால் நாரோடு எண்ணெய் கசியும். ஆனால் அந்தப் பழத்துக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்கு அவளுக்குக் கிடைத்த பதில் அவளைத் தூங்கவிடவில்லை.

தோட்டத்தில் உதிரிப் பழத் திருட்டு அதிகமாகியிருந்தது. மூட்டை மூட்டையாகப் பொறுக்கி வெளியே விற்கிறார்கள் என்று பேச்சு. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பழம் நிரப்பிப் போன ஒரு காரை நுழைவாயிலிலேயே பிடித்திருந்தார்கள். அதிலிருந்து பாலாங் என்கிற தடுப்புக் கம்பத்தடியில் நிற்கும் நேப்பாளக் காவலாளி எந்த வண்டியையும் பார்க்காமல் அதைத் தூக்குவதில்லை. வெளி வண்டிகளில் உள்ளே வர பாஸ் இருந்தது பஞ்சாலையின் வேனுக்கு மட்டும்தான். பாஸைப் புதுப்பிக்கப் போனபோது செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெளி வண்டியெண்டு உள்ளுக்கு வந்து போறது உங்கட ஒண்டுதான், பஞ்சாலை. ஒரு பழம் உங்கட வேனில இருந்தாலும் நான் ஒண்டும் செய்யேலாது. கவனம்."

பாஸ் போனால் வேன் உள்ளே வராது. வேன் வராவிட்டால் அவள் பிழைப்பு போனது. லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது என்பது அதற்கும் மேலே. அதனால் அவள் கண் முனியாண்டியின்மேல் திரும்பியது. பழம் ஏற்றும் டிராக்டரை ஓட்டுகிறவன். தினமும் காலையில் மகனின் பையைத் தானே தூக்கி வந்து, தானே பின்னால் வைத்துவிட்டு, "பாத்துப் போங்கக்கா" என்று சிரிக்கிறவன். மற்ற அப்பன்கள் யாராவது பை தூக்குகிறார்களா? போதாததற்கு அவன் வாசலில் பளபளவென்று நீல நிறத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிள் நின்றது.

ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஒரு மதியம் லயத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வழக்கம்போல் சீட்டுகளுக்கு அடியில் குனிந்தாள். பின் சீட்டுக்குக் கீழே, உபரி டயருக்கும் தகரத்துக்கும் நடுவில், ஒரு நீலத் துணிப்பை திணிக்கப்பட்டிருந்தது. பள்ளியில் விளையாட்டுச் சட்டைக்குக் கொடுக்கும் சுருக்குப்பை. அடிப்பக்கம் எண்ணெயில் ஊறியிருந்தது. கயிற்றை இரண்டு விரல் அளவுக்குத் தளர்த்தினாள். உள்ளே செம்மஞ்சள். உடனே இறுக்கிக் கட்டினாள்.

வேன் தோட்டத்துக்குள்ளே நிற்கிறது. வெளியே போக ஒரே வழி, அங்கே காவலாளி. கால்வாயில் வீசிவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அந்த நேரம் பார்த்து மரங்களுக்கு நடுவிலிருந்து குலை வெட்டுகிற இரண்டு பேர் மோட்டாரில் வந்தார்கள். ஒருத்தன் தலையசைத்தான். பார்த்துவிட்டானா? பார்த்திருந்தால், நாளைக்குக் கால்வாயில் பழம் கிடந்தால், யாரைச் சொல்வான்?

வேனை நேரே ஆபீஸுக்கு விட்டாள்.

செல்வநாயகம் பையை வாங்கவில்லை. மேசைமேல் விரித்த பழைய செய்தித்தாளைக் காட்டினார். அவள் வைத்தாள்.

"எங்க இருந்தது?"

"பின் சீட்டுக்கு அடியில, ஐயா. நான் சத்தியமா..."

"அதில ஆர் இருக்கிறது?"

பஞ்சாலை வாயைத் திறந்தாள். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் மகனுடையது.

"முனியாண்டி மகன் உட்கார்ற எடம், ஐயா."

பொய் இல்லை. அதைத்தான் அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வநாயகம் பையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். "சரி. நீங்கள் வந்து சொன்னது நல்லது. இனி நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் காலை லயத்தில் புனிதன் ஏறவில்லை. அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நீல மோட்டாரும் இல்லை. முனியாண்டியை டிராக்டரிலிருந்து இறக்கிவிட்டார்கள், விசாரணை முடியும்வரை உரம் போடும் கும்பலோடு அனுப்பியிருக்கிறார்கள், மகனை அவனே பள்ளியில் கொண்டுபோய் விடுகிறான் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். பஞ்சாலை கியரை மாற்றினாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

பின் சீட்டில் இப்போது கஜன் மட்டும். ஜன்னல் ஓரம் முழுக்க அவனுக்குத்தான். அவன் அதில் உட்காராமல் நடுவில் உட்கார்ந்தான். முதல் நாள் முன் சீட்டின் முதுகைக் காலால் உதைத்துக்கொண்டே வந்தான். இரண்டாம் நாள் ஒரு சின்னப் பையனின் தொப்பியைப் பிடுங்கிக் கிழித்தான். அதற்கடுத்த நாள், பெடாஸுக்குத் திரும்பும் முச்சந்தியில், பக்கத்தில் உட்கார வந்த லோகேஸ்வரி என்கிற பெண்பிள்ளையை மார்பில் கை வைத்துத் தள்ளினான். அவள் தலை கம்பியில் இடித்து வேனே அலறியது.

பஞ்சாலை ஓரங்கட்டினாள். லோகேஸ்வரியின் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். வீங்கியிருந்தது, தோல் கிழியவில்லை. பிறகு கஜன் பக்கம் திரும்பினாள். கிராணி வீட்டுப் பிள்ளை என்று இதுவரை அவனைத் தனியாக அதட்டியதில்லை.

"என்னடா ஆச்சு உனக்கு? இத்தன நாளா நல்லாதானே இருந்த?"

கஜன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். கைகள் மடியில் எதையோ தேடுவதுபோல் மூடி மூடித் திறந்தன.

முன் சீட்டிலிருந்து அவன் தங்கை விஜிதா பதில் சொன்னாள். முதலாம் ஆண்டு, முன்பல் இரண்டும் இல்லை. "பழம் இல்லைதானே. அதான் அண்ணாக்குக் கோவம் வருது."

"என்னா பழம்?"

"பேசாமல் இரு, விஜி," என்றான் கஜன்.

"பிழியிற பழம்."

பஞ்சாலை எஞ்சினை அணைத்தாள். "எல்லாரும் வேர்த்துக் கொட்டுனாலும் பரவால்ல. எனக்குச் சொல்லிட்டுத்தான் வண்டி போவும்."

கஜன் முதலில் வெளியே பார்த்துச் சொன்னான், பிறகு அவளைப் பார்த்து. வகுப்பில் ரோகினி டீச்சர் ஒரு ரப்பர் பந்து கொண்டு வந்தாராம். கோபம் வந்தால் கையை நீட்டாதே, பந்தைப் பிழி, பத்து எண்ணு, பிறகு பேசு என்று சொல்லிக் கொடுத்தாராம். இவர்கள் இரண்டு பேருக்கும்தான் அதிகம் தேவை என்று அந்தப் பந்தை இவர்களிடமே கொடுத்தாராம். வேனில் ஏறியதும் பந்தை யார் முதலில் பிழிவது என்று சத்தம் வராமல் சண்டை போட்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பந்து கிழிந்துபோனது.

"அப்புறம்?"

"எங்கட வீட்டுக்குப் பின்னால பழம் கொட்டிக் கிடக்கும். நான்தான் எடுத்தன். பந்து மாதிரியே இருக்கும், ஆண்ட்டி. நல்லாப் பழுத்ததெண்டால் இன்னும் நல்லா இருக்கும். எண்ணெய் வரும்வரைக்கும் பிழியணும். வந்தால் கோவம் போயிட்டுது எண்டு அர்த்தம்."

"புனிதன்?"

"அவனும் பிழிவான். யார் அதிகமாப் பிழியுறாங்களோ அவங்க ஜன்னலை மத்தவனுக்கு விடணும். அதுதான் ரூல்."

"பிழிஞ்சத என்னா செய்வீங்க?"

"பைக்குள்ளயே போடுவம். வெளிய போட்டா நீங்க கண்டுபிடிப்பீங்கதானே."

பஞ்சாலை அந்தப் பையனின் முகத்தைக் கீறல் தேடும் கண்ணால் பார்த்தாள். நண்பனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறானா? கிராணி வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரன், கட்டவும் கூடும். ஆனால் அவன் நகக்கண்களில் செம்மஞ்சள் கோடு இன்னும் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத கோடு. அதை அவள் இத்தனை நாளும் புனிதனின் கையில் மட்டும்தான் தேடியிருந்தாள்.

"அப்பாகிட்ட ஏன்டா சொல்லல?"

"அப்பா என்னைக் கேக்கேல்லை," என்றான் கஜன். "அவனை மட்டும்தான் பிடிச்சாங்க."

அன்று மதியம் பிள்ளைகளை இறக்கியபின் ஆபீஸ் வாசலில் வேனை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய் என்ன சொல்வது? உங்கள் மகன்தான் தோட்டத்துப் பழத்தை எடுத்தவன் என்றா? அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் பாஸ் போய்விடும். அவர் அந்தக் கையெழுத்தைப் போடமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பேசாமல் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. கேட்ட பிள்ளைகளில் யாராவது வீட்டில் உளறினால்தான் உண்டு. விஜிதா உளறுவாள்; அது நிச்சயம். அப்படிக் கணக்குப் போடுகிற தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

உள்ளே போனாள்.

"ஐயா, அந்தப் பைய தொறந்து பாருங்க."

"ஏன்?"

"நானும் பாக்கல, நீங்களும் பாக்கல."

செல்வநாயகம் முகத்தைச் சுளித்தார். பிளாஸ்டிக் உறையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூச்சிகள் மொய்த்தன. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து, செய்தித்தாளில் கொட்டினார்.

ஒரு முழுப் பழம்கூட இல்லை. எல்லாம் பிழிந்தது, நசுங்கியது, கொட்டைமேல் நார் தொங்கியது. ஒவ்வொன்றிலும் சின்ன நகங்கள் பதிந்த பள்ளம்.

"இத எவன் வாங்குவான், ஐயா?"

அவர் பென்சில் முனையால் ஒன்றை உருட்டினார். "அப்ப இது என்ன?"

அவள் சொன்னாள். பந்திலிருந்து தொடங்கி, கஜன் பெயரை விழுங்காமல் சொன்னாள். அவர் முகம் மெல்ல இறுகியது.

"முதல் நாள் வந்து முனியாண்டியின்ர மகன் எண்டு சொன்னீங்கள். இண்டைக்கு என்ர மகன் எண்டு சொல்லுறீங்கள். நாளைக்கு ஆர்?"

"அன்னிக்கு ரெண்டு பேர் பேரயும் சொல்லியிருக்கணும். ஒரு பேரத்தான் சொன்னேன். உங்களுக்குப் பயந்துதான் சொல்லல."

செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேசைமேல் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய், "கஜன்," என்று கூப்பிட்டார். பையன் வேலிக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றிருந்தான் போல, உடனே வந்தான். தகப்பன் ஒன்றும் கேட்கவில்லை. செய்தித்தாளைக் காட்டினார். பையன் தலையாட்டினான்.

"அவன்ர அப்பா நாளைக்கு டிராக்டர் ஓட்டுவாரா?" என்று கேட்டான்.

"ஓட்டுவார்," என்றார் செல்வநாயகம். பிறகு பஞ்சாலையிடம், "உங்கட பாஸை நான் தொடமாட்டன். ஆனா மேனேஜருக்கு ஏதாவது சொல்ல வேணும். இனி வாசலில எல்லாப் பிள்ளைகளின்ர பையும் திறந்து காட்ட வேணும். வரேக்கையும் போகேக்கையும்."

"எல்லாப் பிள்ளையுமா?"

"நீங்கள்தானே தொடங்கினீங்கள்," என்றார் அவர், கோபமில்லாமல்.

சாயங்காலம் வேனை ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டு லயத்துக்கு நடந்து போனாள். முனியாண்டி வாசலில் குந்தி உரம் பட்ட பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டும் எழவில்லை. சொல்ல வேண்டியதை அவள் நின்றுகொண்டே சொன்னாள். அவன் கேட்டான். குழாயை மூடவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, அக்கா."

"கேட்டிருக்கணும்."

"எம் பய பைய நான் ஏன் தூக்குறேன்னா, அவனுக்கு முதுகு வலி. எல்லாப் புத்தகத்தயும் கொண்டு போறான். ஒருநாள் தூக்கிப் பாருங்க."

அவள் தலையைக் குனிந்தாள். குனிந்த கண்ணில் நீல மோட்டார் பட்டது. கேட்காதே என்று மனம் சொன்னது. வாய் கேட்டுவிட்டது. "அந்த மோட்டார்..."

முனியாண்டி அவளை உற்றுப் பார்த்தான். பிறகு தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தான். "பழைய மோட்டார்தான். பெயிண்ட் அடிச்சேன். சந்தேகமா இருந்தா சொரண்டிப் பாருங்க, அடியில செகப்பு."

கதவுக்குப் பின்னால் புனிதன் நிற்பது நிழலாகத் தெரிந்தது. "புனிதா, ஆண்ட்டி வந்திருக்காங்க பாரு," என்றான் அப்பன். நிழல் நகர்ந்து உள்ளே போய்விட்டது.

"நாளைக்கு அனுப்புறேன்," என்றான் முனியாண்டி. "பேசுவானான்னு தெரியாது."

மறுநாள் காலை புனிதன் பையைத் தானே சுமந்து வந்தான். பஞ்சாலை வாங்கக் கை நீட்டினாள், கொடுக்கவில்லை. ஏறினான். கஜன் ஜன்னல் ஓரத்தை விட்டு நகர்ந்து இடம் காட்டினான். புனிதன் அங்கே போகாமல் அவளுக்கு நேர் பின்னால், விஜிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடியில் அவள் கண்ணைத் தேடிப் பிடித்தான்.

"நான் உங்க மேல கோவமா இருக்கேன், ஆண்ட்டி."

விஜிதா சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி," என்றாள் பஞ்சாலை. "எத்தன நாளைக்கு?"

"தெரியாது. கத்த மாட்டேன், ஒதைக்க மாட்டேன். ஆனா பேச மாட்டேன்."

"எங்கூடயுமா?" என்று பின்னாலிருந்து கஜன் கேட்டான்.

புனிதன் யோசித்தான். "ஒங்கூட மத்தியானத்துலேர்ந்து பேசுறேன்."

கோபக்காரப் பிள்ளையை அடக்க அவளுக்குத் தெரியும். தன்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு, கை கட்டி, முதுகுக்குப் பின்னால் அமைதியாக உட்கார்ந்து வருகிற பிள்ளையோடு எப்படி வண்டி ஓட்டுவது? வழி நெடுக அந்தப் பார்வை பிடரியில் உறைத்தது. வாய் பேசாமல் ஏதாவது திட்டம் போடுகிறானோ என்று ஒரு கணம் பழைய எண்ணம் தலை தூக்கியது. அவள் ரோட்டைப் பார்த்தாள்.

நுழைவாயிலில் பாலாங் இறங்கியிருந்தது. நேப்பாளக் காவலாளிக்குத் தகவல் வந்துவிட்டது. பைகளைத் திறக்கச் சொல்லி, சங்கடத்தோடு, "புக்கா பேக், காக்," என்றான். பிள்ளைகள் இறங்கி வரிசையாக நின்று பைகளைத் திறந்தார்கள். முதலில் நின்றவன் புனிதன். காவலாளி குனிந்து புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். எல்லாப் புத்தகமும் இருந்தன. புனிதனின் காது மடல்கள் சிவந்தன. கைகளை விரித்து, மூடி, விரித்து, பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கஜன் வரிசையில் முன்னால் வந்து அவனை ஒட்டி நின்றான்.

பஞ்சாலை கதவைத் திறந்து இறங்கினாள். தன் கைப்பையை எடுத்து வந்து, வரிசையின் கடைசியில், லோகேஸ்வரிக்குப் பின்னால் நின்றாள்.

"காக் தா பாயா," வேண்டாம் என்று காவலாளி கையை ஆட்டினான்.

"பாரு," என்றாள் அவள். பையைத் திறந்து பிடித்தாள். சீப்பு, தைலம், பாதி சாப்பிட்ட ரொட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிய துணி. சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கன்னம் சூடாகியது. இதே சூடு தினமும் இரண்டு வேளை இந்தப் பிள்ளைகளுக்கு ஏறப்போகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காவலாளி கம்பத்தைத் தூக்கினான். எல்லோரும் ஏறினார்கள். அவள் அவசரத்தில் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள்.

"கதவு," என்றது நேர் பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்கக் கதவு சரியாகச் சாத்தாமல் பாதியில் நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். புனிதன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்; முகத்தில் ஒன்றும் இல்லை. தன்னோடு பேசினானா, கதவைத்தான் சொன்னானா? கேட்க வேண்டும் என்று நுனி நாக்குவரை வந்தது.

கேட்கவில்லை. இறங்கிப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.